நைட் டூட்டி முடித்த கையோடு இதயப் பரிசோதனை: மருத்துவமனை ஊழியர் ஆண்டு செக்கப், ஒரு விமர்சனம்

மருத்துவமனைகள் தங்கள் ஊழியர்களுக்கு ஆண்டுக்கு ஒருமுறை நடத்தும் செக்கப் பெரும்பாலும் ஒரே அச்சில் வார்த்ததுதான். ஒரு வாரம் ஒதுக்குவார்கள், வார்டு வாரியாகப் பட்டியல் ஒட்டுவார்கள். வெறும் வயிற்றில் ரத்தம், ஒரு பி.பி., உயரம், எடை, ஈ.சி.ஜி., மார்பு எக்ஸ்ரே. சில நாட்களில் பல பக்க ரிப்போர்ட் கைக்கு வரும். அது ஒருவருக்கு மாரடைப்போ பக்கவாதமோ வரக்கூடிய ஆபத்தைச் சொல்கிறதா என்ற ஒரே கேள்வியை வைத்து இந்தச் சேவையைப் பிரித்துப் பார்க்கலாம். ஐந்துக்கு இரண்டரை மதிப்பெண். எதை அளக்கிறார்கள் என்பதிலும் சில குறைகள் உண்டு, ஆனால் அவை இரண்டாம்பட்சம். எப்போது, எப்படி அளக்கிறார்கள் என்பதில்தான் கோட்டை விடுகிறார்கள். அளக்கப்படுபவர் ஷிஃப்ட் பார்க்கும் ஆள் என்பதே இந்தத் தொகுப்பை வடிவமைத்தவர்களின் நினைவில் இல்லை.

முதல் கோளாறு ரத்தம் எடுக்கும் நேரம். காலை ஏழு மணிக்கு மேல் லேப் வாசலில் வரிசை. நைட் டூட்டி முடித்து வெளியே வருகிறவர்களை, "போற வழியில கொடுத்துட்டுப் போயிடுங்க" என்று நிறுத்துவது நிர்வாகத்துக்கு வசதி. ஏழு மணிக்கு எட்டு மணி நேர வெறும் வயிறு வேண்டுமென்றால், முந்தைய இரவு பதினொன்றுக்கு மேல் எதையும் சாப்பிட்டிருக்கக் கூடாது. விடிய விடிய ஐ.சி.யு.வில் ஓடுகிறவர் நடுராத்திரிக்கு மேல் வாயில் எதையாவது போடாமல் இருப்பது நடக்காத காரியம். ஆனாலும் படிவத்தில் 'வெறும் வயிறு' என்ற கட்டத்தில் டிக் விழும். டிரைகிளிசரைடு என்ற ரத்தக் கொழுப்பு கூடுதலாக வந்தால் அது கொழுப்புக் கோளாறா, மூன்று மணிக்குச் சாப்பிட்டதா என்று பிறகு யாராலும் சொல்ல முடியாது.

உண்மையாகவே பட்டினி கிடந்து வந்தாலும் சிக்கல் தீராது. 2009ல் வெளியான ஓர் ஆய்வக ஆய்வில், பத்துப் பேரின் தூக்கத்தையும் சாப்பாட்டையும் உடலின் கடிகாரத்துக்கு 12 மணி நேரம் எதிர்த்திசையில் கொண்டுபோய் நிறுத்திப் பார்த்தார்கள். ரத்தச் சர்க்கரை 6 சதவீதமும் இன்சுலின் 22 சதவீதமும் சராசரி ரத்த அழுத்தம் 3 சதவீதமும் கூடின. பசியை அடக்கும் லெப்டின் 17 சதவீதம் குறைந்தது. இதற்குச் சில நாட்களே போதுமாக இருந்தது. தொடர்ந்து நான்கு நைட் பார்த்துவிட்டு வருகிறவரின் ரத்தத்தில் கிடைப்பது அவருடைய வழக்கமான அளவும் அல்ல, பொய்யான அளவும் அல்ல. அது நைட் டூட்டியின் அளவு. நைட்டுக்கென்று தனியாகக் குறித்து வைத்தால் அதற்கும் மதிப்பு உண்டு. பகல் டூட்டிக்காரரின் அளவோடு ஒரே பத்தியில் போட்டு ஒப்பிடுவதுதான் தவறு.

இதற்கு மருந்து எளிது. வெறும் வயிறு என்ற நிபந்தனையையே தூக்கிவிடலாம். மூன்று மாதச் சராசரி ரத்தச் சர்க்கரையைக் காட்டும் எச்பிஏ1சி பரிசோதனைக்குப் பட்டினி தேவையில்லை. கொழுப்புப் பரிசோதனைக்கும் வழக்கமாகப் பட்டினி அவசியமில்லை என்று ஐரோப்பிய நிபுணர் குழுக்கள் 2016லேயே சொல்லிவிட்டன. டிரைகிளிசரைடு டெசிலிட்டருக்கு 400 மில்லிகிராமைத் தாண்டினால் மட்டும் வெறும் வயிற்றில் மறுபடி எடுத்தால் போதும். அந்த அளவுக்கு மேலே போனால் கெட்ட கொழுப்பான எல்.டி.எல்.லைக் கணக்கிடும் பழைய சூத்திரமும் வேலை செய்யாது. பட்டினி இல்லையென்றால், இரண்டு மூன்று இரவு ஒழுங்காகத் தூங்கியபின், டூட்டிக்கு வரும் எந்த நேரத்திலும் ரத்தம் கொடுக்கலாம். பட்டியலை ஒரு வாரத்துக்குள் அடைக்காமல் மாதம் முழுவதும் பரப்பினால் போதும்.

எச்பிஏ1சியிலும் ஒரு பொறி இருக்கிறது. இரும்புச்சத்துக் குறைவால் வரும் ரத்தசோகையில் அது உள்ளதைவிடக் கூடுதலாகக் காட்டும். சமீபத்தில் ரத்தம் இழந்தவர்களுக்கும் சிவப்பணுக்கள் சீக்கிரம் அழிகிறவர்களுக்கும் குறைவாகக் காட்டும். செவிலியரில் பெரும்பாலோர் பெண்கள் என்பதால் இது சின்ன விஷயமல்ல. விந்தை என்னவென்றால், ஹீமோகுளோபின் அளவு அதே ரிப்போர்ட்டின் முதல் பக்கத்திலேயே இருக்கும். இரண்டையும் சேர்த்துப் படிக்கத்தான் ஆள் இருக்காது. ஹீமோகுளோபின் 9ம் எச்பிஏ1சி 6.0ம் உள்ளவரை 'சர்க்கரை நோய்க்கு முந்தைய நிலை' என்று அனுப்புவதற்கு முன், குளுக்கோஸை நேரடியாகப் பார்த்துவிட வேண்டும்.

குளுக்கோஸ் என்றதும் டியூப் பற்றிச் சொல்லாமல் போக முடியாது. எடுத்த ரத்தம் டியூபில் இருக்கும்போதும் அதிலுள்ள அணுக்கள் சர்க்கரையைத் தின்றுகொண்டே இருக்கும். பிரிக்காமல் அறை வெப்பத்தில் வைத்தால் மணிக்கு 5 முதல் 7 சதவீதம் வரை குறையும். ஃப்ளூரைடு போட்ட சாம்பல் மூடி டியூப்கூட முதல் ஒரு மணி நேரத்தில் இதை முழுதாகத் தடுக்காது. ஊழியர் மாதிரிகள்தானே, நோயாளிகளுடையது முடியட்டும் என்று ரேக்கில் இரண்டு மணி நேரம் கிடந்தால் 108 இருந்த சர்க்கரை 95 பக்கம் வந்து நிற்கும். 100க்கு மேல் கவனிக்க வேண்டியவர் நார்மல் ஆகிவிடுவார். சொந்த லேபை வைத்திருக்கும் நிறுவனம் இதில் தவறுவதை மன்னிக்கவே முடியாது. எடுத்த நேரமும் அணுக்களைப் பிரிக்கச் சுழற்சிக் கருவியில் போட்ட நேரமும் பதிவாகிறதா என்று கேட்டாலே லேபின் தரம் தெரிந்துவிடும்.

பி.பி.தான் இந்தச் செக்கப்பின் மிக முக்கியமான அங்கம், நடைமுறையில் மிக மோசமான அங்கமும் அதுதான். நாள் முழுக்க அடுத்தவருக்குப் பி.பி. பார்ப்பவர்கள் தங்களுக்குள் பார்த்துக்கொள்ளும்போது எல்லா விதியும் காற்றில் பறக்கும். மாடிப்படி ஏறி வந்த வேகத்தில், ஸ்டூலில் பாதி உட்கார்ந்து, கால் மேல் கால் போட்டு, டூட்டி அட்டவணையான ரோஸ்டரைப் பற்றிப் பேசிக்கொண்டே ஒரே ஒரு அளவு. பேச்சு, கால் மேல் கால், நிறைந்த மூத்திரப்பை ஆகிய மூன்றும் அழுத்தத்தை ஏற்றும். டூட்டி நடுவே கழிவறை போக நேரமில்லாத தொழிலில் கடைசியாகச் சொன்னது வெறும் பாடப் புத்தகக் குறிப்பு அல்ல.

கையை எங்கே வைக்கிறார்கள் என்பதற்கும் கணக்கு இருக்கிறது. 2024ல் வெளியான ஒரு சோதனையில், மேசையில் இதய மட்டத்தில் வைத்த கையோடு ஒப்பிட்டால், மடியில் வைத்தபோது மேல் அளவு சராசரியாக 4 மி.மீ. கூடியது. பக்கவாட்டில் தொங்கவிட்டபோது ஆறரை மி.மீ. கூடியது. 134 உள்ளவரை 140க்கு மேல் தூக்கிவிட இதுவே போதும். கையில் சுற்றும் கஃப் பட்டை இன்னும் மோசம். கஃபுக்குள் இருக்கும் காற்றுப்பை மேற்கையின் சுற்றளவில் 80 சதவீதத்தையாவது சுற்ற வேண்டும். 2023ல் வந்த இன்னொரு சோதனையில், மிகப் பெரிய கஃப் தேவைப்படுகிறவர்களுக்கு வழக்கமான கஃபைக் கட்டியபோது மேல் அளவு கிட்டத்தட்ட 20 மி.மீ. கூடுதலாக வந்தது. செக்கப் மேசையில் ஒரே ஒரு கஃப்தான் இருந்தால், அதைக் கட்டும் முன்பே பருமனானவர்களின் ரிப்போர்ட் கெட்டுவிட்டது என்று வைத்துக்கொள்ளலாம். ஒல்லியான கையில் பெரிய கஃபைக் கட்டினால் தவறு எதிர்த்திசையில் போகும்.

சரியாக எடுக்க ஆகும் நேரம் எட்டு நிமிடம். அரை மணி நேரத்துக்கு முன்பிருந்தே காபி, புகை, ஓட்டம் கூடாது. சிறுநீர் கழித்துவிட்டு, முதுகு சாய்ந்து, பாதம் இரண்டும் தரையில் படிய, ஐந்து நிமிடம் பேசாமல் உட்கார வேண்டும். கஃபை வெறும் கையில் கட்ட வேண்டும், யூனிஃபார்ம் சட்டைக் கைக்கு மேல் அல்ல. ஒரு நிமிட இடைவெளியில் இரண்டு, முடிந்தால் மூன்று அளவு. முதல் முறை இரண்டு கையிலும் பார்த்து, கூடுதலாக உள்ள கையைக் குறித்துக்கொள்ள வேண்டும். ஒரு மருத்துவமனையின் செக்கப் ஒழுங்காக நடந்ததா என்று அறிய இன்னொரு குறுக்குவழியும் உண்டு. பதிவேட்டில் பி.பி. பத்தியை மேலிருந்து கீழே ஒரு முறை பாருங்கள். 120/80, 130/80, 120/80 என்று பூஜ்யத்தில் முடியும் எண்களாகவே வரிசை கட்டினால், அளந்து எழுதியதைவிட ரவுண்ட் பண்ணி எழுதியதே அதிகம். 127/83 போன்ற அரைகுறை எண்கள் இருந்தால் நம்பலாம்.

இத்தனையும் சரியாகச் செய்தாலும் ஒரு ரகத்தை இந்த மேசை பிடிக்காது. அளக்கும் அறையில் நார்மலாகவும், வேலையிலும் வீட்டிலும் உயர்ந்தும் இருக்கும் மறைந்த ரத்த அழுத்தம் அது. டூட்டி நெருக்கடியும் தூக்கக் குறைவும் சேர்ந்த ஒரு தொழிலில் இதைத் தேடாமல் விடுவது, பூட்டிய வீட்டின் முன்வாசலை மட்டும் தட்டிப் பார்த்துவிட்டுத் திரும்புவது போல. தேட வேண்டிய முறை வீட்டு அளவீடு. மேற்கையில் கட்டும், தரச்சோதனையில் தேறிய தானியங்கிக் கருவி வேண்டும். மணிக்கட்டுக் கருவி வேண்டாம். ஏழு நாள், நாளுக்கு இரண்டு வேளை, வேளைக்கு இரண்டு அளவு. முதல் நாளைத் தள்ளிவிட்டு மீதியின் சராசரி 135/85ஐத் தொட்டால் அது உயர் ரத்த அழுத்தம். காலை, மாலை என்று அச்சடித்த அட்டையை நைட் டூட்டிக்காரரிடம் நீட்டுவதில் பயனில்லை. அவருக்கு எழுந்த பின் ஒன்று, படுக்கும் முன் ஒன்று. 24 மணி நேரக் கருவியை மாட்டினாலும் இதே கவனம் வேண்டும். கருவியின் மென்பொருள் தானாகவே இரவு மணிகளைத் தூக்கம் என்று எடுத்துக்கொள்ளும். தூங்கிய நேரத்தைக் குறித்து வாங்கி அதை மாற்றாவிட்டால், இரவு முழுக்க நோயாளியைத் தூக்கிப் படுக்க வைத்தவருக்கு 'இரவில் அழுத்தம் இறங்கவில்லை' என்று ரிப்போர்ட் வரும். தூக்கத்தில் 10 முதல் 20 சதவீதம் இறங்குவதுதான் இயல்பு. பகலில் தூங்கினாலும் அந்தத் தூக்கத்தில்தான் அதைப் பார்க்க வேண்டும். 24 மணி நேரச் சராசரிக்கு எல்லை 130/80, தூக்கத்துக்கு 120/70.

வார்டுக்கு ஒரு கருவி வாங்கி, சுற்றில் கடன் கொடுக்கும் ஏற்பாடு எந்தத் தொகுப்பிலும் இருந்தால், மற்ற குறைகளை மறந்து அதற்கு ஒரு மதிப்பெண் கூட்டலாம்.

உடல் அளவைப் பொறுத்தவரை எடையும் உயரமும் எடுத்து, உயரத்துக்கு ஏற்ற எடையா என்று காட்டும் பி.எம்.ஐ. கணக்கிடுகிறார்கள், இடுப்பை அளப்பதில்லை. சாதாரண டேப் ஒன்று போதும். கடைசி விலா எலும்பின் கீழ்முனைக்கும் இடுப்பெலும்பின் மேல்முனைக்கும் நடுவில், மூச்சை இயல்பாக விட்ட நிலையில், துணிக்கு உள்ளே வைத்து அளக்க வேண்டும். உயரத்தில் பாதிக்கு மேல் போனால் கவனிக்க வேண்டும். 160 செ.மீ. உயரத்துக்கு 80 தான் எல்லை. பி.எம்.ஐ. 24 என்று நிம்மதியாகப் போகிறவர்களில் சிலரை இந்த டேப் பிடித்து நிறுத்தும்.

ஈ.சி.ஜி., எக்ஸ்ரே, சில 'பிரீமியம்' தொகுப்புகளில் வரும் டிரெட்மில், இதயத் தசைச் சேதத்தைக் காட்டும் டிரோபோனின் எல்லாம் பெரும்பாலும் அலங்காரம். அறிகுறி எதுவும் இல்லாத, ஆபத்து குறைந்தவர்களுக்கு ஈ.சி.ஜி. எடுக்க வேண்டாம் என்றே 2018ல் அமெரிக்கத் தடுப்புச் சேவைப் பணிக்குழு பரிந்துரைத்தது. பொய்யாக மணி அடித்து, தேவையில்லாத அடுத்த சோதனைக்குத் தள்ளும். அதே செலவில் வாழ்நாளில் ஒரே ஒரு முறை லிப்போபுரதம்-ஏ என்ற ரத்தக் கொழுப்புத் துகளின் அளவைப் பார்த்துவிடலாம். அது பெரும்பாலும் பிறப்பிலேயே தீர்மானமாகி அதிகம் மாறாதது. டெசிலிட்டருக்கு 50 மி.கி.க்கு மேல் இருந்தால் மற்ற ஆபத்துகளை இன்னும் இறுக்கிப் பிடிக்க வேண்டும் என்று பொருள். சிறுநீரில் வெறும் பட்டை முக்கிப் பார்ப்பதற்குப் பதில், ரத்த அழுத்தமோ சர்க்கரையோ உள்ளவர்களுக்கு சிறுநீரகப் பாதிப்பை முன்கூட்டியே காட்டும் ஆல்புமின்-கிரியேட்டினின் விகிதம் பார்ப்பதும் நல்ல மாற்று. ஆரம்பக் கட்ட ஆல்புமின் கசிவு பட்டையில் தெரியாது.

கேள்விப் படிவம் இந்தச் சேவையின் மிகப் பலவீனமான காகிதம். புகை பிடிப்பீர்களா, மது அருந்துவீர்களா, குடும்பத்தில் இதய நோய் உண்டா. மூன்றும் ஆம், இல்லை. மெல்லும் புகையிலை பற்றிக் கேள்வியே இல்லை. குடும்பத்தில் உண்டா என்றால் யாருக்கு, எந்த வயதில் என்று வேண்டும். தந்தைக்கோ உடன்பிறந்த ஆணுக்கோ 55க்கு முன், தாய்க்கோ உடன்பிறந்த பெண்ணுக்கோ 65க்கு முன் வந்திருந்தால்தான் அது ஆபத்துக் கணக்கில் ஏறும். எண்பது வயதில் தாத்தாவுக்கு வந்ததை எழுதி என்ன பயன்?

நைட் டூட்டி பற்றி ஒரு வரிகூட இல்லாததுதான் பெரிய ஓட்டை. அமெரிக்கச் செவிலியர் ஆரோக்கிய ஆய்வுகளில் ஏறத்தாழ 1,89,000 பெண்களை 24 ஆண்டுகள் தொடர்ந்து பார்த்து 2016ல் வெளியிட்ட முடிவில், மாதத்துக்கு மூன்று நைட்டாவது சுழற்சியில் பார்த்தவர்களுக்கு இதயத் தமனி நோய் ஆபத்து ஆண்டுகளோடு படிப்படியாக ஏறியது தெரிந்தது. பத்தாண்டைத் தாண்டியவர்களுக்கு 15 முதல் 18 சதவீதம் வரை கூடுதல். டூட்டியை விட்ட பின் ஆண்டுகள் செல்லச் செல்ல ஆபத்து குறைவதையும் ஒரு குழுவில் கண்டார்கள். தனி ஒருவருக்கு இது பெரிய ஏற்றமல்ல, புகைக்குப் பக்கத்தில் வராது. ஆனால் மாதத்துக்கு எத்தனை நைட், எத்தனை ஆண்டாக என்று இரண்டு கட்டம் போடுவதில் என்ன கஷ்டம்? வார வேலை நேரமும் அப்படித்தான். வாரம் 55 மணியோ அதற்கு மேலோ வேலை செய்பவர்களுக்கு, 35 முதல் 40 மணி வேலை செய்பவர்களைவிடப் பக்கவாத ஆபத்து 35 சதவீதமும் இதயத் தமனி நோயால் இறக்கும் ஆபத்து 17 சதவீதமும் கூடுதல் என்று உலக சுகாதார அமைப்பும் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பும் 2021ல் கணக்கிட்டன. மருத்துவமனையிலேயே மேல்பயிற்சியில் இருக்கும் ரெசிடென்ட் மருத்துவர்களிடம் இந்தக் கேள்வியைக் கேட்டால் நிர்வாகத்துக்குச் சங்கடமாக இருக்கும், கேட்காததற்கு அதுவும் ஒரு காரணமாக இருக்கலாம்.

பெண்களிடம் கர்ப்ப காலம் பற்றிக் கேட்க வேண்டும். கர்ப்பத்தில் பி.பி. ஏறிச் சிறுநீரில் புரதம் போகும் பிரீஎக்லாம்ப்சியா, பிற்காலத்தில் இதய நோய், பக்கவாத ஆபத்தை ஏறத்தாழ இரட்டிப்பாக்கும். கர்ப்பகாலச் சர்க்கரை, பின்னாளில் சர்க்கரை நோய்க்குப் பல மடங்கு வாய்ப்பைக் கூட்டும். அதே மருத்துவமனையின் பிரசவ வார்டில் பிரசவித்த ஊழியரின் பழைய கோப்பில் இது இருக்கும், செக்கப் படிவத்தில் இருக்காது. மாத்திரைகளையும் கேட்க வேண்டும். முதுகுவலிக்கு டிராலியில் இருந்து எடுத்துப் போட்டுக்கொள்ளும் டைக்ளோஃபெனாக், சளிக்குப் போடும் சூடோஎஃபெட்ரின் இரண்டும் அழுத்தத்தை ஏற்றும். டைக்ளோஃபெனாக் மாரடைப்பு ஆபத்தையும் கூட்டும். குறட்டை, பகல் தூக்கம், கழுத்துச் சுற்றளவு ஆகியவை அடங்கிய எட்டுக் கேள்வி ஸ்டாப்-பேங் படிவம் ஒரு நிமிட வேலை. மூன்றோ அதற்கு மேலோ வந்தால் தூக்க மூச்சடைப்பைத் தேட வேண்டும்.

நல்ல படிவம் தயாராக இருந்தாலும் அது மனிதவளப் பிரிவின் மேசை வழியாகப் போகுமென்றால் யாரும் உண்மையை எழுத மாட்டார்கள். சொந்த லேபில் பரிசோதிப்பதால் பக்கத்து வார்டு நண்பருக்கே ரிப்போர்ட் தெரிந்துவிடும் என்ற பயமும் சேரும். பெயருக்குப் பதில் எண் ஒட்டிய டியூப், நிர்வாகத்துக்குத் தொகுத்த எண்ணிக்கை மட்டும். இந்த இரண்டும் இல்லாத இடத்தில் 'புகை இல்லை' என்ற பதிலை நம்பக் கூடாது.

சில இடங்களில், அடுத்த பத்தாண்டில் இதய நோய் வரும் வாய்ப்பைக் கணிக்கும் ஆபத்துக் கணக்கியும் சேர்த்துப் போடுகிறார்கள். நல்ல முயற்சி, ஆனால் இளம் செவிலியருக்கு எப்போதும் 'குறைந்த ஆபத்து' என்றே வரும், ஏனென்றால் எல்லாக் கணக்கிலும் வயதுதான் ராஜா. 2023ல் வந்த ப்ரிவென்ட் கணக்கி 30 முதல் 59 வயதுக்காரர்களுக்கு முப்பதாண்டு ஆபத்தையும் தருகிறது, இந்தக் கூட்டத்துக்கு அதுவே பொருத்தம். அதுவோ, க்யூரிஸ்க்3, ஸ்கோர்2 போன்ற மற்ற கணக்கிகளோ எதுவும் நைட் டூட்டியைக் கேட்பதில்லை என்பதை நினைவில் வைத்துப் படிக்க வேண்டும்.

யார் பட்டியலில் இல்லை என்பதையும் பார்த்துவிட வேண்டும். ஒப்பந்தத்தில் வேலை பார்க்கும் துப்புரவுப் பணியாளர், காவலாளி, ஆம்புலன்ஸ் ஓட்டுநர், சலவைப் பிரிவு ஊழியர் என்று பலரும் வேறு நிறுவனத்தின் ஆட்கள் என்ற பெயரில் விடுபட்டுப் போகிறார்கள். மருத்துவர் உணவகத்தில் வரிசையில் நின்றபடி இன்னொரு மருத்துவரைக் கேட்டுக்கொள்ளலாம். இவர்களுக்கு அந்த வழியும் இல்லை.

ரிப்போர்ட்டில் நட்சத்திரக் குறி போட்டுத் தருவதோடு சேவை முடிந்துவிடுகிறது. மொத்தக் கொழுப்பில் நட்சத்திரம் இருக்கும். மொத்தத்தில் இருந்து நல்ல கொழுப்பான எச்.டி.எல்.லைக் கழித்தால் கிடைக்கும், பட்டினி தேவைப்படாத எண் அச்சாகி இருக்காது. எல்.டி.எல். 190ஐத் தொட்டால் அது சாப்பாட்டுக் குறை அல்ல, பரம்பரைக் கொழுப்பு நோயா என்று வீட்டில் உள்ளவர்களையும் சேர்த்துப் பார்க்க வேண்டும் என்ற வரி இருக்காது. எச்பிஏ1சி 6.5 வந்தவருக்கு அறிகுறி இல்லையென்றால் இன்னொரு சோதனையில் உறுதி செய்த பிறகே சர்க்கரை நோய் என்று முத்திரை குத்த வேண்டும். பி.பி. 140/90க்கு மேல் என்றால் ஒரு மாதத்துக்குள் வீட்டு அளவீடு, 180/110 என்றால் அன்றே மருத்துவர். இவை ரிப்போர்ட்டின் முதல் பக்கத்தில், எண்ணுக்குப் பக்கத்தில், தேதியோடு வர வேண்டும். அந்தத் தேதி வார்டு பொறுப்பாளரின் ரோஸ்டரில் அரை மணி நேர விடுவிப்பாக ஏறியிருக்க வேண்டும். ஏறாவிட்டால் மறுபரிசோதனைக்கு வருவது டூட்டி இல்லாத நாளில்தான், டூட்டி இல்லாத நாளில் யாரும் மருத்துவமனைப் பக்கம் தலைவைத்துப் படுப்பதில்லை.